லிம்போசைட்டை மொனோசைட்டால் பிரித்தால் வரும் கணக்கு

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அப்பாவுக்கு 63 வயது. கழுத்தில் வந்த கட்டியை வெட்டிப் பரிசோதித்ததில் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அடுத்த கிழமை மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் முதல் கீமோ. இதற்கிடையில் கனடாவில் இருக்கும் பெரியப்பா மகன் எஃப்.பி.சி. என்ற ரத்தக் கலங்களை எண்ணும் ரிப்போர்ட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, லிம்போசைட்டை மொனோசைட்டால் (இரண்டும் வெண்குழிய வகைகள்) பிரித்துப் பார், 2க்குக் கீழே வந்தால் நல்லதில்லை என்று சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் 1.3. பயொப்சி ரிப்போர்ட்டிலும் சிடி3, சிடி68 என்று ஏதோ பொசிட்டிவ் என்று இருக்கிறதாம். இதெல்லாம் கெட்ட அறிகுறியா, அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமா என்பது கேள்வி.

அண்ணா சொன்னது பொய் இல்லை தங்கச்சி, அப்படி ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்த 1.3ஐ வைத்து அப்பாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அதனால் அம்மாவிடம் சொல்லவும் அதில் ஒன்றும் கிடையாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். நான் டொக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எம்.எல்.டி. ஆக மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அவற்றைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே பயப்படுகிறேன்.

லிம்போமா என்றால் நோயெதிர்ப்புக் கலங்களிலேயே வரும் புற்றுநோய். பள்ளிக்கூடத்தில் நிர்ப்பீடனம் என்று படித்தோமே, அந்தப் படையின் ஒரு பிரிவே கெட்டுப்போகிறது. கெட்டுப்போனவற்றைச் சுற்றிக் கெட்டுப்போகாத மற்றப் பிரிவுகளும் அதே கட்டிக்குள் நிற்கும். ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற வகையில் இது உச்சம்: கட்டியில் உண்மையான புற்றுநோய்க் கலம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான், மிச்சம் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்த சனம் மாதிரி டி கலங்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை), மக்ரோபேஜ்கள் (விழுங்கும் கலங்கள்), ஈசினோபில்கள் போன்ற நோயெதிர்ப்புக் கலங்கள். அந்த ஒன்றிரண்டுதான் ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலங்கள். ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தால் எங்கள் பெதொலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டொக்டர்) எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார், ஆந்தைக் கண் மாதிரி இரண்டு கரு. அப்படியென்றால் கட்டியின் மிச்சப் பகுதி முழுக்க நிற்கும் அந்தக் கூட்டம் சும்மா நிற்கிறதா, நோயோடு சண்டை பிடிக்கிறதா, அல்லது நோய்க்கே சோறு போட்டு வளர்க்கிறதா என்ற கேள்வி இயல்பாக வரும். அந்தக் கூட்டத்தை எண்ணினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இறங்கியதும் இங்கே இருந்துதான்.

இதில் பழைய ஆதாரம் வெறும் ரத்தக் கணக்குத்தான். 1998இல் ஹசன்கிளெவரும் அவரோடு சேர்ந்தவர்களும் முற்றிய ஹொட்ஜ்கின் லிம்போமா நோயாளிகள் 5141 பேரின் விவரங்களைச் சேர்த்து ஏழு அம்சங்கள் கொண்ட ஒரு புள்ளிமுறை போட்டார்கள். வயது 45க்கு மேல், ஆண், நாலாம் நிலை, அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவு, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், வெண்குழியம் 15,000க்கு மேல், ஏழாவதாக லிம்போசைட் ஒரு கன மில்லிமீட்டருக்கு 600க்குக் கீழ் அல்லது மொத்த வெண்குழியத்தில் 8 வீதத்துக்குக் கீழ். ஒவ்வொரு புள்ளி கூடும்போதும், ஐந்து வருடத்தில் நோய் முன்னேறாமல் இருப்பவர்களின் விகிதம் ஏறக்குறைய 7, 8 வீதம் இறங்கியது. ஆக லிம்போசைட் குறைவு என்பது ஏழில் ஒன்றாகச் சேர்ந்து நின்றால் பேசும், தனியாக நின்றால் அவ்வளவு பேசாது.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது ஹொட்ஜ்கின் இல்லை. அப்பாவுடைய வகைக்கு டொக்டர்கள் 1993இல் வந்த ஐ.பி.ஐ. என்ற வேறு புள்ளிமுறையைப் பார்க்கிறார்கள்: வயது 60க்கு மேலா, எல்டிஎச் என்ற ரத்த நொதி கூடவா, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, எத்தனையாம் நிலை, நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எத்தனை இடம். ஐந்தே கேள்வி, அதில் லிம்போசைட்டும் இல்லை, மொனோசைட்டும் இல்லை. ரிடுக்ஸிமாப் என்ற மருந்து வந்த பிறகு 2007இல் இதைத் திருத்திப் பார்த்தபோது நோயாளிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள், நாலு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 94, 79, 55 வீதம். மோசமான கூட்டத்திலேயே பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள். அப்பாவுக்கு வயதால் ஒரு புள்ளி உறுதி, மிச்சம் எல்டிஎச்சையும் ஸ்கேனையும் பார்த்துத்தான் தெரியும்.

இனி அந்தப் பிரித்தல் கணக்கு. மொனோசைட் என்பது ரத்தத்தில் ஓடும் இளம் மக்ரோபேஜ் என்று வைத்துக்கொள்ளலாம், திசுவுக்குள் போனதும் மக்ரோபேஜ் ஆகிவிடும். லிம்போமா உள்ள சிலரில் இந்த மொனோசைட்கள் டி கலங்களை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். லிம்போசைட் நம்முடைய ஆள் என்றும் மொனோசைட் எதிராளிக்கு உதவப் போகிற ஆள் என்றும் ஒரு எளிய யோசனை, ஒன்றை மற்றதால் பிரித்தால் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தெரியுமாம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்து இப்படி நிறையக் கட்டுரைகள் வந்தன, பிறகு இத்தாலி, சீனா என்று பல இடங்களில் இருந்தும் வந்தன. விகிதம் குறைவாக இருந்த கூட்டம் சராசரியாக மோசமாகப் போனது என்று பெரும்பாலானவை சொல்கின்றன. நான் அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எத்தனைக்குக் கீழே என்றால் குறைவு? ஹொட்ஜ்கினில் ஒரு ஆய்வு 1.1 என்று கோடு போட்டது, பெரிய பி கல வகையில் இன்னொன்று 2.6 என்று போட்டது. இது மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிற விளையாட்டு, தங்களிடம் இருக்கிற நோயாளிகளை எந்த இடத்தில் வெட்டினால் இரண்டு கூட்டமும் நன்றாகப் பிரிந்து தெரியுமோ அங்கே வெட்டுவார்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனால் கோடு நகரும். அண்ணா சொன்ன 2 எந்தக் கட்டுரையில் இருந்து வந்ததோ. அப்பாவின் 1.3 ஒரு கோட்டுக்கு மேல், இன்னொரு கோட்டுக்குக் கீழ்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், அந்த எண் எப்படி வருகிறது என்பது. மெஷின் எண்ணினால் ஆயிரக்கணக்கில் எண்ணும், ஓரளவுக்கு நம்பலாம். மெஷின் சந்தேகப்பட்டு கொடி காட்டினால் ஸ்லைடு போட்டு ஆள் எண்ணுவார், வழக்கமாக 100 கலம். 100 எண்ணி மொனோசைட் 6 வந்தால், உண்மை 2ஆகவும் இருக்கலாம், 12ஆகவும் இருக்கலாம். எண்ணியவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை, வெறும் கணிதம். நான் வேலை செய்த ஒரு இடத்தில், இரவு வேலையில் இருந்த பொடியன் 9 என்று எழுதிய அதே ஸ்லைடை காலையில் நான் எண்ணினேன், 4 வந்தது. இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருந்தோம், சூப்பர்வைசர் மட்டும் இரண்டு பேருக்கும் ஏசினார். இப்போது பிரித்துப் பாருங்கள்: ஒருவர் லிம்போசைட் 16, மொனோசைட் 8 என்று எண்ணினால் விகிதம் 2, அடுத்தவர் 12க்கு 12 என்று எண்ணினால் 1. ஒரே மனுசன், ஒரே துளி ரத்தம். இதை வைத்து ஒரு குடும்பம் இரவெல்லாம் நித்திரை கொள்ளாமல் இருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் உடம்பில் நடக்கிற மற்ற விஷயங்கள். கட்டி பெரிதாக இருந்தால் கீமோவுக்கு முன்பே பிரெட்னிசொலோன் தொடங்குவதுண்டு. அந்தக் குளிசை போட்ட சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் லிம்போசைட் விழும், நியூட்ரோபில் என்ற இன்னொரு வெண்குழியம் ஏறும். உங்கள் அப்பாவின் ரத்தம் குளிசைக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்று அண்ணாவுக்குத் தெரிந்திருக்காது. காசநோய், நாள்பட்ட காய்ச்சல், இவற்றில் மொனோசைட் கூடும். கொழும்பில் இருக்கிறோம், டெங்கு வந்து போன உடம்பில் வெண்குழியக் கணக்கே கொஞ்ச நாளைக்குத் தலைகீழாக இருக்கும். சில நேரம் லிம்போமாக் கலங்களே ரத்தத்தில் இறங்கி ஓடும், மெஷின் அவற்றையும் லிம்போசைட் என்றோ மொனோசைட் என்றோ எண்ணி வைக்கும்.

பயொப்சி ரிப்போர்ட்டுக்கு வருவோம். சிடி3, சிடி20, சிடி68 என்பதெல்லாம் கலத்தில் இருக்கும் அடையாள அட்டை மாதிரி. பெதொலஜிஸ்ட் அவற்றுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பது, இது எந்த வகைக் கலம் என்று பெயர் வைக்கத்தான். சிடி3 பொசிட்டிவ் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் நல்ல டி கலங்கள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம், சிடி68 என்றால் மக்ரோபேஜ்கள் இருக்கின்றன. ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று கணிக்க அவர் அதை எழுதவில்லை. நீங்கள் அந்த ரிப்போர்ட்டில் ஆசையோடு தேட வேண்டிய வரி சிடி20 பொசிட்டிவ் என்பது, ஏனென்றால் ரிடுக்ஸிமாப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அதுதான். கவலையோடு விசாரிக்க வேண்டியது மிக், பிசிஎல்2 என்ற இரண்டு மரபணுக்களும் ஒன்றாக இடம் மாறியிருக்கின்றனவா என்பது. அப்படி இருந்தால் சிகிச்சையே மாறலாம். அந்தப் பரிசோதனை செய்தார்களா, மாதிரியை அனுப்பினார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

ஆனால் மக்ரோபேஜை எண்ணி எதிர்காலம் சொல்லும் கதையும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதில்தான்.

2004இல் ஃபொலிகுலர் லிம்போமா என்ற இன்னொரு வகையில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. சிகிச்சை தொடங்குமுன் எடுத்த 191 பயொப்சிகளில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்த்தார்கள். எல்லாரும் எதிர்பார்த்தது புற்றுநோய்க் கலத்தின் மரபணுக்கள்தான் ஆளின் விதியைச் சொல்லும் என்று. வந்த விடை வேறு. கட்டிக்குள் இருந்த, புற்றுநோய் இல்லாத நோயெதிர்ப்புக் கலங்களின் மரபணுக்கள்தான் பேசின. டி கலச் சாயல் தூக்கலாக இருந்தால் நல்லது, டி கலம் குறைந்து மக்ரோபேஜ் சாயல் தூக்கலாக இருந்தால் கெட்டது. நாலு கூட்டமாகப் பிரித்தபோது நல்ல கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 13.6 வருடம், கெட்ட கூட்டத்தினுடையது 3.9 வருடம். அடுத்த வருடமே வன்கூவரில் இருந்து ஒரு குழு, இவ்வளவு மெனக்கெட வேண்டாம், சிடி68 சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒரு பெரிதாக்கிய வட்டத்துக்குள் 15க்கு மேல் மக்ரோபேஜ் இருக்கிறதா என்று எண்ணினாலே போதும் என்றது. எங்களைப் போன்ற எண்ணுகிற சாதிக்கு அப்போது வந்த சந்தோசத்தைக் கேட்காதீர்கள்.

பிறகு ரிடுக்ஸிமாப் சேர்த்துக் கீமோ கொடுத்த நோயாளிகளில் அதையே எண்ணிப் பார்த்தார்கள். பின்லாந்தில் மக்ரோபேஜ் கூட இருந்தவர்கள் நன்றாகப் போனார்கள்! பிரான்ஸில் ரிடுக்ஸிமாப் சேர்த்த கூட்டத்தில் மக்ரோபேஜின் கெடுதல் காணாமல் போனது. முன்பு கெட்டவன் என்று எழுதி வைத்த ஆள் இப்போது நல்லவன், குறைந்தது கெட்டவன் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது: ரிடுக்ஸிமாப் போய் லிம்போமாக் கலத்தின் சிடி20ஐப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டியதன் வாலைப் பிடித்துக் கலத்தையே விழுங்குவது மக்ரோபேஜ்தான். மருந்து கொடுக்குமுன் சும்மா நின்றவனுக்கும் எதிரிக்குச் சோறு போட்டவனுக்கும் மருந்து வந்ததும் வேலை கிடைத்துவிட்டது. அப்படியானால் ஒரு கலம் நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்பது அந்தக் கலத்தில் எழுதியிருக்கவில்லை, என்ன மருந்து கொடுக்கிறோம் என்பதிலும் பாதி இருக்கிறது. பழைய மருந்துக் காலத்தில் எழுதிய கட்டுரையை எடுத்து வைத்து இன்றைக்கு மருந்து ஏற்றப் போகிறவருக்குச் சாத்திரம் சொல்வது ஏன் பிழை என்று இப்போது விளங்கும்.

ஹொட்ஜ்கினிலும் அப்படித்தான். 2010இல் அதே வன்கூவரில் இருந்து, சிடி68 குறைவாக இருந்த ஆரம்ப நிலை நோயாளிகளில் ஒருவர்கூட நீண்ட காலத்தில் அந்த நோயால் சாகவில்லை என்று வந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்ததில் சிலருக்கு ஒத்து வந்தது, சிலருக்கு வரவில்லை.

இன்னொரு விசித்திரம், ஒழுங்குபடுத்தும் டி கலங்கள், மற்ற நோயெதிர்ப்புக் கலங்களைக் கொஞ்சம் அமைதியாக இரு என்று அடக்குகிறவை. பல திடக் கட்டிப் புற்றுநோய்களில் இவை கூடினால் கெடுதல் என்பார்கள், காரணம் விளங்குகிறது, காவல்காரனை நித்திரையாக்குகிறவன் கெட்டவன்தானே. ஃபொலிகுலரிலும் ஹொட்ஜ்கினிலும் இவை கூட இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று 2005, 2006இல் வந்த ஆய்வுகள் சொல்லின. லிம்போமாக் கலமும் ஒரு லிம்போசைட்தானே, அந்த அடக்கும் கை அதன் மேலும் விழுகிறதோ என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பிடித்த விளக்கம், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு ஆராய்ச்சியும் வீணா என்றால் இல்லை. கட்டிக்குள் நிற்கும் டி கலங்களின் கண்ணைக் கட்டி வைப்பது பிடி-1 என்ற பூட்டு என்று கண்டுபிடித்துத்தான் நிவொலுமாப் ஹொட்ஜ்கினுக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கூட்டத்தை எண்ணிய வேலை கூட்டத்தை வேலைக்கு அமர்த்தும் மருந்தாக மாறியிருக்கிறது. ஆனால் அப்பாவின் விசயத்தில் அந்த 1.3ஐப் பார்த்து ரிடுக்ஸிமாப்பும் கீமோவும் சேர்ந்த ஆர்-சொப் என்ற மருந்துக் கூட்டை மாற்றுகிற டொக்டர் எவரும் இல்லை. 1.3 என்றாலும் அதுதான், 3.1 என்றாலும் அதுதான். அப்பாவின் உடம்பில் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லப் போவது நடுவிலும் முடிவிலும் எடுக்கும் ஸ்கேன். மகரகமவுக்குப் பெட் ஸ்கேன் மெஷின் வாங்க 2016இல் ஊர் முழுக்கக் காசு சேர்த்தார்களே, அந்த வகை ஸ்கேன். அதில் கட்டி ஒளிர்வதற்கு 1இல் இருந்து 5 வரை எண் கொடுப்பார்கள், முடிவில் 1, 2, 3 வந்தால் நல்ல செய்தி. இந்த ஒரு எண் அப்பாவின் சொந்த எண், ஊரார் எண்ணின் சராசரி இல்லை.

இன்னொன்று, ரிடுக்ஸிமாப் தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை செய்தார்களா என்று கிளினிக் புத்தகத்தில் பாருங்கள். இந்த மருந்து நல்ல பி கலங்களையும் சேர்த்துத்தான் துடைக்கும், உள்ளே ஒளிந்திருக்கும் அந்த வைரசு அப்போது எழும்பலாம். வழக்கமாகச் செய்துதான் இருப்பார்கள், இருந்தாலும் கேட்டால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

எஃப்.பி.சி.யில் எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நியூட்ரோபிலைப் பாருங்கள் தங்கச்சி. மருந்து ஏற்றி 10 முதல் 14 நாளுக்குள் அது அடிமட்டத்துக்கு விழும், 0.5க்குக் கீழே (அதாவது கன மில்லிமீட்டருக்கு 500க்குக் கீழே) போனால் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து மூன்றாம் நாள் டெங்குக்கு ரத்தம் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம், அப்பாவுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். ஒரு தேர்மோமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். 38க்கு ஏறினால், இரவு இரண்டு மணியாக இருந்தாலும், பனடோலைத் தொடாமல் கிளினிக் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாசலில் முதல் வார்த்தையாகக் கீமோ நோயாளி என்று சொல்லுங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது இது.